மொட்டிலேயே கருகியவை

ஐப்பசிக் கடைசியில் நிரஞ்சனி நாற்பது ஹயசிந்த் பூக்கிழங்கு வாங்கினாள். ஒவ்வொன்றையும் பெருவிரலால் அமத்திப் பார்த்து, மெத்தென்று இருந்ததை எல்லாம் பெட்டிக்குள் திருப்பிப் போட்டாள். வீட்டுக்கு வந்து கையுறை மாட்டிக்கொண்டு, வெங்காயம் மாதிரி இருந்த அந்தக் கிழங்குகளைச் சட்டிக்கு நாலாக, ஒன்றோடொன்று முட்டாமல், நுனி மட்டும் மண்ணுக்கு மேலே தெரிய ஊன்றினாள். கையுறை இல்லாமல் தொட்டால் இரண்டு நாளைக்குக் கை கடித்து அரிக்கும். முதல் வருசமே அதைப் பட்டுத் தெரிந்துகொண்டவள்.

பத்துச் சட்டிகள். ஈஸ்டர் அன்று கோயிலில் பீடத்துக்கு முன்னால் வைக்க.

போன வருசம் கடையில் வாங்கிய லில்லிகள் பூசை முடிய முதலே தலை தொங்கிவிட்டன. பீடம் சோடிக்கிற அக்னெஸ் அதைச் சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டபோது, "அடுத்த முறை நான் வளர்த்துத் தாறன்" என்று நிரஞ்சனி எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அதற்கு முந்தி ஒரு தடவையில் மூன்று சட்டிக்கு மேல் அவள் வளர்த்ததில்லை.

அவளுக்கு இந்தப் பூ அறிமுகமானது வேலை இடத்தில். கெபெக்கில், நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் முதியோர் இல்லம் ஒன்றில் பதினாறு வருசமாக உதவியாளாக இருக்கிறாள். ஐந்து வருசத்துக்கு முந்தி, வெளியே இடுப்பளவு பனி கிடந்த ஒரு காலையில், ஒரு அறைக்கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். யன்னல் விளிம்பில் ஒரேயொரு நீலப்பூக் கொத்து. அறை முழுக்க வாசம். பூ முடிந்து அதைக் குப்பையில் போட்டபோது கிழங்கை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். மற்றதெல்லாம் கேட்டும் பிழைவிட்டும் படித்தது.

அவள் படித்ததில் முக்கியமானது குளிர். இந்தக் கிழங்கு பதின்மூன்று கிழமையாவது இருட்டிலும் குளிரிலும் கிடக்க வேண்டும். குளிர் காணாத கிழங்கு இலையை மட்டும் நீட்டும், பூத்தண்டு மேலே வராது. அதற்காக உறையவும் விடக்கூடாது. உறைந்தால் அழுகிப்போகும்.

அதற்கு வாய்ப்பான இடம் வீட்டிலேயே இருந்தது. வில்லரேப் பகுதியில் அவளும் புருசன் கிறிஸ்தோப்பரும் வாங்கிய அந்த வீடு எண்பது வருசப் பழசு. பெடியள் இரண்டு பேரும் ரொறன்ரோவுக்குப் போன பிறகு மேலே இவர்கள் இரண்டு பேர்தான். கீழே பேஸ்மென்ற்றின் முன்பக்கத்தில் சஜிதா, ஜெனாட் என்று ஒரு இளம் சோடி வாடகைக்கு இருந்தது. பின்பக்கம் பொயிலர் அறை. வீட்டைச் சூடாக்கும் காஸ் பொயிலரும், துணி தோய்க்கிற, காயவைக்கிற மெசின்களும் அதற்குள்தான். பொயிலருக்கு எதிர்ச்சுவரில், வெளியே இருந்து ஒரு தகரக் குழாய் வந்து நிலத்துக்கு ஒரு முழம் மேலே வாய் திறந்து நின்றது. அதற்குள்ளால் பனிக்காலம் முழுக்க வெளிக்காற்று இறங்கும். அந்த மூலை மட்டும் எப்போதும் குளிர்.

"இது என்ன குழாய்?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"காத்து வாறதுக்குப் போல. பழைய வீடெல்லோ, கண்டபடி ஓட்டை வைச்சிருக்கிறாங்கள்" என்றார் கிறிஸ்தோப்பர்.

அவள் ஒரு வெப்பமானியைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தாள். ஏழு பாகை. சட்டிகளில் ஒன்பதைக் குழாய்க்கு நேரே கீழே அடுக்கி, மேலே ஒரு கறுப்புத் துணியைப் போர்த்துவிட்டாள். பத்தாவதற்கு இடம் காணாமல் அதை மேலே தன் குளிர்ப்பெட்டியின் அடித்தட்டில் வைத்தாள்.

கார்த்திகை, மார்கழி இரண்டும் நல்லபடி போயின. தையில் குளிர் இறுகியது. இருபதாம் திகதி சனிக்கிழமை காலை வெளியே மைனஸ் இருபத்தெட்டு. அவள் கீழே இறங்கிப் போய்த் துணியை விலக்கினால், முன்வரிசைச் சட்டிகளில் மண்ணுக்கு மேல் வெள்ளையாக உறைபனி. விரல் நுழையவில்லை. குழாய் வாயிலிருந்து குளிர் கத்தி மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் யோசிக்கவே இல்லை. அலுமாரியில் கிடந்த பழைய குளியல் துவாய் ஒன்றை எடுத்து, பிளாஸ்ரிக் பையில் சுற்றி, குழாய்க்குள் முழங்கை வரைக்கும் விட்டு இறுக்கி அடைத்தாள். வாயைச் சுற்றி அகலமான ஒட்டுநாடாவால் மூன்று சுற்று ஒட்டினாள். மத்தியானம் போய்ப் பார்க்க உறைபனி கரைந்திருந்தது. வெப்பமானி ஒன்பது காட்டியது. சட்டிகளைச் சுவரோரமாக இன்னும் தள்ளிவைத்துவிட்டு, மேலே வந்து நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தாள்.

குளிர் குறைந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். அடுத்த கிழமை வேலை இடத்தில் இரண்டு பேர் காய்ச்சலில் விழ, இவளுக்கு மேலதிக வேலை. குழாய் அவள் நினைப்பிலேயே இல்லாமல் போனது.

பேஸ்மென்ற்றில் நச்சு வாயுவுக்கான அலாரம் ஒன்று இருந்தது. கார்த்திகையில் அது நிமிசத்துக்கு ஒருதரம் கீச்சென்று கத்தத் தொடங்க, ஜெனாட் கழற்றி மேலே கொண்டுவந்து கொடுத்தான். "காலாவதியாப் போச்சு. புதுசு வாங்கிப் போடுறன் தம்பி" என்று கிறிஸ்தோப்பர் வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தார். அவர் ஒரு ரெஸ்ரோரன்றில் சமையல் பொறுப்பில் இருப்பவர். வாரத்தில் ஆறு நாள் வேலை. பேந்து, பேந்து என்று தள்ளிப்போட, அது அப்படியே கிடந்தது.

சஜிதாவுக்கு அப்போது வயிற்றில் பத்துக் கிழமை. முதல் பிள்ளை. தை முடிகிற நேரம் ஒருநாள் வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்த நிரஞ்சனியிடம் வந்து நின்றாள்.

"அன்ரி, காலமை எழும்பேக்கை தலையை ரெண்டாப் பிளக்குது. வயித்தைப் பிரட்டிச் சத்தியும் வருது. வெளியிலை வந்து கொஞ்ச நேரம் நிண்டாச் சுகமாக் கிடக்கு. உள்ளுக்குப் போகத் திரும்பவும் தொடங்குது."

"முதல் மூண்டு மாசமும் அப்பிடித்தான் பிள்ளை. மூத்தவனுக்கு நான் தண்ணி கூடக் குடிக்கேல்லை. டொக்டர் என்னவாம்?"

"அவரும் அதைத்தான் சொன்னவர்."

பின்னால் வந்த ஜெனாட், "எனக்கும்தானே அன்ரி லீவு நாளிலை தலை இடிக்குது. நானுமோ பிள்ளைத்தாச்சி?" என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள். நிரஞ்சனி மேலே போய் இஞ்சியும் மல்லியும் அவித்து ஒரு போத்தலில் கொண்டுவந்து கொடுத்தாள்.

சனிக்கிழமைகளில் உடுப்புத் தோய்க்கக் கீழே நின்றால் அவளுக்கும் நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று இடிக்கும். வேலைக் களைப்பு என்று ஒரு பனடோல் போட்டுக்கொள்வாள்.

மாசி பத்தாம் திகதி கறுப்புத் துணியை விலக்கினாள். நாலு சட்டியில் முளை வந்திருந்தது. இரண்டு அங்குலம், இருட்டில் வளர்ந்த மஞ்சள். சந்தோசத்தில் அந்த நாலையும் தூக்கிக்கொண்டு மேலே வந்து குசினி யன்னலில் வைத்தாள். ஒரு பின்னேர வெயிலுக்கே இலைகள் பச்சை பிடித்தன. அடுத்தநாள் இலைகளை விரலால் பிரித்து உள்ளே பார்த்தாள்.

பதினாறு கிழங்கு. பதினாறிலும் மொட்டுக் கொத்து மண்ணிறமாகக் கருகி, கடதாசி மாதிரி உலர்ந்து கிடந்தது. தொட்டது கையோடு உதிர்ந்தது.

குளிர்ப்பெட்டியில் கிடந்த சட்டியை ஓடிப்போய் எடுத்துப் பார்த்தாள். அதன் நாலு கிழங்கிலும் மொட்டு இறுக்கமாக, ஈரமாக, பச்சையாக இருந்தது. அதே கடை, அதே மண், அதே நாள் ஊன்றியது. அப்படியென்றால் பிழை கீழே.

அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பொயிலர் அறைத் தட்டில் ஒரு பெட்டி அப்பிள் இருந்தது. ஐப்பசியில் ஜெனாட்டும் சஜிதாவும் தோட்டத்துக்குப் போய்ப் பிடுங்கி வந்தது. பழுத்த அப்பிள் ஒரு வாயுவை விடும், அது பக்கத்தில் இருக்கும் கிழங்கின் பூவை உள்ளேயே சாகடிக்கும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் விறுவிறென்று கீழே இறங்கிக் கதவைத் தட்டினாள்.

"தம்பி, அந்த அப்பிள் உங்கடையோ?"

"ஓம் அன்ரி. ஏன்?"

"ஏனோ? நாலு மாசமா நான் பொத்திப் பொத்தி வளர்த்ததெல்லாம் கருகிப்போச்சு. கிழங்குக்குக் கிட்ட அப்பிள் வைக்கக்கூடாது. அதிலையிருந்து வாற வாயு மொட்டைச் சாக்கொண்டுபோடும்."

"எங்களுக்குத் தெரியாதே அன்ரி."

"ஒரு சொல் கேட்டிருக்கலாம்தானே? கோயிலுக்கெண்டு வைச்சது. என்ரை வீட்டிலை என்ரை சாமான் ஒண்டை நான் வைக்க இடமில்லையோ?"

சொல்லும்போதே அது கூடிப்போனது அவளுக்குத் தெரிந்தது. ஜெனாட்டின் முகம் இறுகியது. உள்ளே படுத்திருந்த சஜிதா சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்து, பொயிலர் அறைக்குள் போய் அந்தப் பெட்டியைத் தூக்கினாள். ஜெனாட் வாங்கப் போகக் கையைத் தட்டிவிட்டாள். வெளிப்படி ஏறிப் பெட்டியைப் பனிக்குள் வைத்துவிட்டு அங்கேயே குனிந்து சத்தி எடுத்தாள். அதற்குள் மேலே ஏறிவிட்ட நிரஞ்சனி தன் வாசலில் நின்று பார்த்தாள். இறங்கிப் போய் முதுகைத் தடவிவிடவில்லை. பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை கீழே இருந்து ஒரு சத்தம் இல்லை. சஜிதா தோய்க்க வருகிற நேரத்தை மாற்றிக்கொண்டாள். வாசலில் கண்டால் ஜெனாட் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான். அந்த இரண்டு கிழமைக்குள் சஜிதா இரண்டு முறை மயங்கி விழுந்ததும், ஜெனாட் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக அங்கே இரத்தம் குறைவு என்று குளிசை கொடுத்ததும் நிரஞ்சனிக்குப் பிறகுதான் தெரியும். கோபம் இல்லாமல் இருந்திருந்தால் அவள்தான் முதல் ஆளாகக் கேட்டிருப்பாள்.

மாசி இருபத்துநாலு, திரும்பவும் சனிக்கிழமை. குளிர் மறுபடி மைனஸ் இருபத்தேழுக்கு இறங்கியிருந்தது. பொயிலர் விடியத் தொடக்கம் நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தது. நிரஞ்சனி கீழே போய் மிச்சம் இருந்த ஐந்து சட்டியையும் பார்த்தாள். அப்பிள் எடுத்த பிறகு மேலே வந்த முளைகள். அவையும் கருகியே இருந்தன. போதாததற்கு இலை நுனிகள் மஞ்சளித்து முறுகியிருந்தன.

அவள் ஒரு கிழங்கை வேரோடு பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஜோன்-தலோன் சந்தைக்கு நடந்தாள். அங்கே உள்மண்டபத்தில் பூச்சட்டி விற்கும் ஒரு வயதான கெபெக்காரர் இருந்தார். கிழங்கு வாங்கியதும் அவரிடம்தான்.

அவர் கிழங்கை வாங்கி, சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து மொட்டை நெடுக வெட்டினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"பக்கத்தில் அப்பிள் இருந்ததா மதாம்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"இருந்தது. எடுத்து இரண்டு கிழமை. இது அதற்குப் பிறகு வந்த முளை."

"எங்கே வைத்திருந்தீர்கள்?"

"பேஸ்மென்ற்றில். பொயிலர் அறையில்."

அவர் கத்தியை மடித்தார். "காஸ் பொயிலரா?"

"ஓம். காஸ்."

"நான் இருபது வயசில் ஒரு கண்ணாடி வீட்டுப் பூந்தோட்டத்தில் வேலை செய்தேன். ஒரு பனிக்காலம் பூவெல்லாம் இப்படிக் கருகியது. நோய் என்று மருந்தடித்தோம். நோய் இல்லை. சூடாக்கிக்குப் போதிய காற்று இல்லை. காற்று இல்லாமல் எரிந்தால் அப்பிள் விடுகிற அதே வாயுவை அதுவும் விடும். அதோடு இன்னொன்றையும் விடும், மணம் இல்லாதது. கடைசியில் இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தோம்." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உங்கள் வீட்டில் யாருக்காவது தலையிடி இருக்கிறதா மதாம்?"

 நிரஞ்சனியின் வலது கை தன்பாட்டில் எழும்பி, குழாய்க்குள் துவாயைத் திணித்த அதே மாதிரி நீண்டு நின்றது. பிறகு திரும்பி ஓடத் தொடங்கினாள்.

ஓடிக்கொண்டே சஜிதாவுக்குப் போன் எடுத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. கோபத்தில் எடுக்கவில்லை, கோபத்தில்தான் எடுக்கவில்லை என்று தனக்குத்தானே சொன்னாள். திரும்ப எடுத்தாள். ஜெனாட்டின் போன் அணைத்திருந்தது. அவன் வேலை செய்யும் பண்டகசாலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அவசர உதவிக்கு 911-ஐ அழைத்து, மூச்சு வாங்க வாங்க விலாசத்தைச் சொன்னாள். "பேஸ்மென்ற், காஸ், பிள்ளைத்தாச்சி" என்று வாயில் வந்த பிரெஞ்சில் சொன்னாள். உள்ளே போக வேண்டாம், வெளியே நில்லுங்கள் என்று அழைப்பை எடுத்த பெண் இரண்டு முறை சொன்னாள். தெருமுனை ஐஸில் வழுக்கி விழுந்து, முழங்காலைத் தடவக்கூட நிற்காமல் எழும்பி ஓடினாள்.

வீட்டுக்கு வந்தபோது தீயணைப்பு வண்டி இன்னும் வரவில்லை. பேஸ்மென்ற் கதவைத் திறந்தாள். உள்ளே எந்த மணமும் இல்லை, சவர்க்கார வாசம் மட்டும். துணி காயவைக்கும் மெசின் சுற்றுகிற சத்தம். பொயிலர் அறைக்குப் போகும் நடையில், உடுப்புக் கூடை கவிழ்ந்து கிடக்க, சஜிதா ஒருக்களித்துக் கிடந்தாள். கன்னம் இரண்டும் சிவந்து, நல்ல சுகதேகி மாதிரி இருந்தது. அதுதான் நிரஞ்சனியை இன்னும் பயப்படுத்தியது.

"பிள்ளை! சஜிதா!"

கண் திறக்கவில்லை. மூச்சு இருந்தது.

கூடையிலிருந்து விழுந்து கிடந்த கட்டில் விரிப்பை எடுத்து அவளுக்குக் கீழே செருகினாள். பதினாறு வருசமாகப் படுக்கையில் கிடந்தவர்களைப் புரட்டிய கை. தலைப்பக்கத்து இரண்டு மூலையையும் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக இழுத்தாள். ஆறு படி. மூன்றாம் படியில் அவளுக்கே கண் இருண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து, வெளியே பனிக்குள் வந்து விழுந்தாள். தன் கோட்டைக் கழற்றி அந்தப் பிள்ளையின் வயிற்றுக்கு மேல் போட்டாள். சைரன் சத்தம் அப்போதுதான் தெருவுக்குள் திரும்பியது.

சஜிதாவுக்கு முகமூடி போட்டு ஒட்சிசன் கொடுத்துக் கொண்டுபோனார்கள். நிரஞ்சனியை ஒரு வண்டியின் பின்படியில் இருத்தி அவளுக்கும் ஒன்று மாட்டினார்கள். செய்தி போய், கிறிஸ்தோப்பர் சமையல் உடுப்போடேயே வந்து இறங்கினார். உள்ளே போன தீயணைப்பு வீரர்களின் வாயு அளக்கும் கருவி வெளியே கேட்கும்படி கத்தியது. ஒருவன் பொயிலரை நிறுத்திவிட்டு வந்தான். அவன் கையில் பிளாஸ்ரிக் பை சுற்றிய துவாய் இருந்தது.

"பொயிலருக்குக் காற்று வருகிற குழாய் இது. இதை யார் அடைத்தது?" என்று கேட்டான்.

கிறிஸ்தோப்பர் துவாயைப் பார்த்தார். நீலக்கரை போட்ட அந்தத் துவாய் யாருடையது என்று அவருக்குத் தெரியும். மனைவியை ஒருக்கால் திரும்பிப் பார்த்தார்.

"முந்தி இருந்த ஆக்களாக இருக்கும்," என்றார் பிரெஞ்சில். "எங்களுக்குத் தெரியாது."

வீரன் எழுதிக்கொண்டான். நிரஞ்சனி முகமூடிக்குள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தானாக வரவில்லையா, தான் வரவிடவில்லையா என்று அவளுக்கே பிறகு தெரியவில்லை.

ஹொஸ்பிற்றலில் ஜெனாட் ஒரு நீள வாங்கில் தனியே இருந்தான். அவசரத்தில் கழற்றாமல் வந்த வேலைச் சப்பாத்து, பனிநீர் வடிந்து காலடியில் தேங்கியிருந்தது. நிரஞ்சனியைக் கண்டதும் எழும்பி அவள் கை இரண்டையும் பிடித்துக்கொண்டான்.

"அன்ரி, நீங்கள் போகாட்டி அவள் இல்லையாம். டொக்டரே சொன்னவர். அழுத்தம் கூட்டின அறைக்குள்ளை வைச்சு ஒட்சிசன் குடுக்கினம். கண் முழிச்சிட்டாள். பிள்ளைக்கு நெஞ்சு அடிக்குது அன்ரி, அடிக்குது." அவன் அழுதான். "ஆனா இப்ப ஒண்டும் சொல்லேலாதாம். வளர வளரத்தான் தெரியுமாம்."

அவன் பிடித்திருந்த கையை அவள் மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"தம்பி, அந்தக் குழாயை அடைச்சது நான்தான்."

அவனுக்கு விளங்கவில்லை.

"பூச்சட்டி உறையுதெண்டு நான்தான் துவாயை வைச்சு அடைச்சனான். அதாலைதான் வந்தது. உங்கடை அப்பிளிலை ஒரு பிழையும் இல்லை."

ஜெனாட் கேட்டான்: "எப்ப?"

"தை இருபது."

அவன் விரலை மடித்து எண்ணினான். ஐந்து விரலும் மடிந்தன. "அஞ்சு கிழமை," என்றான். அதையே இன்னொருக்கால் சொன்னான். பிறகு வாங்கில் மற்ற அந்தத்தில் போய் இருந்துகொண்டு, அவள் பக்கம் திரும்பாமல் சொன்னான்: "நீங்கள் இப்ப போங்கோ."

திங்கட்கிழமை தீயணைப்புத் திணைக்கள அதிகாரி விசாரிக்க வந்தார். கிறிஸ்தோப்பர் பதில் சொல்ல முன்னம் நிரஞ்சனி முன்னுக்கு வந்து, குழாய், துவாய், திகதி எல்லாவற்றையும் சொன்னாள். லாச்சியைத் திறந்து, கழற்றி வைத்த அலாரத்தையும் எடுத்து மேசையில் வைத்தாள். அவர் போன பிறகு கிறிஸ்தோப்பர் வெடித்தார்.

"நீர் ஏன் வாயைத் திறந்தனீர்? நான் உமக்காகத்தானே அப்பிடிச் சொன்னனான்!"

"எனக்காக வேண்டாம்."

"வழக்குப் போட்டா என்ன செய்வீர்?"

"போடட்டும். அந்தப் பிள்ளை பிறந்து நாளைக்கு ஒரு குறை தெரியவந்தா, அப்ப போய்ச் சொல்லச் சொல்லுறீங்களோ?"

கிறிஸ்தோப்பர் கதிரையில் இருந்தார். லாச்சியிலிருந்து வந்த அந்த வெள்ளை வட்டப் பெட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிறகு அவர் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை.

ஜெனாட் இரண்டு நண்பர்களோடு வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போனான். கோட்-டெ-நெய்ஜில் ஆறாம் மாடியில் ஒரு வீடு எடுத்திருப்பதாக அக்னெஸ்தான் சொன்னாள். வழக்கு ஒன்றும் வரவில்லை. வருமோ வராதோ என்று தெரியாமல் வசந்தமும் கோடையும் போயின. ஒவ்வொரு ஞாயிறும் நிரஞ்சனி கோயிலில் கடைசி வாங்கில் இருந்தாள். ஆடிக் கடைசியில், குறித்த நாளுக்கு மூன்று கிழமை முந்தி, பெண்பிள்ளை பிறந்திருப்பதாக அறிந்தாள். நிறை குறைவு என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. கேட்கவும் அவளுக்குத் துணிவு வரவில்லை.

புரட்டாதியில் ஒருநாள் சஜிதாவின் போன் வந்தது. "பின்னேரம் வாங்கோ அன்ரி" என்பதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

நிரஞ்சனி மெத்ரோவில் போய் இறங்கி, லிப்ற் இருந்தும் ஆறு மாடியும் படியால் ஏறினாள். சஜிதா கதவைத் திறந்தாள். மெலிந்திருந்தாள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. ஜெனாட் உள்ளே இருப்பது, அவன் நடக்கும் சத்தத்தில் தெரிந்தது. அவன் வெளியே வரவில்லை.

பிள்ளை நிலத்தில் விரித்த போர்வையில் மல்லாந்து கிடந்தது. சின்ன உடம்பு, நிறையத் தலைமயிர். சஜிதா குனிந்து ஒரு கிலுக்கை அதன் இடது காதுப் பக்கம் ஆட்டினாள். பிள்ளை முகட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கொஞ்சம் பொறுத்துத் திரும்ப ஆட்டினாள். பிள்ளை மெதுவாகத் திரும்பியது.

"சிலநேரம் திரும்புது, சிலநேரம் இல்லை," என்றாள் சஜிதா. "மாசத்துக்கு ஒருக்கா ஹொஸ்பிற்றலிலை பாக்கினம். நடந்து, கதைச்சு, பள்ளிக்கூடம் போகுமட்டும் பாக்க வேணுமாம். நான் ஒரு நாளைக்கு இருபது தரம் இதை ஆட்டிப் பாக்கிறன் அன்ரி. நித்திரை கொள்ளேக்கையும் ஆட்டிப் பாக்கிறன்."

நிரஞ்சனி போர்வைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். தொடவில்லை.

"ஊரிலை அம்மாவுக்கு, என்னைக் காப்பாத்தினது நீங்கள் எண்டு சொன்னனான். உங்களுக்காக ஒவ்வொரு நாளும் செபம் சொல்லுறாவாம். குழாயை அடைச்சது ஆர் எண்டு கேட்டவ. அதை நான் இன்னும் சொல்லேல்லை."

"சொல்லு பிள்ளை."

"சொன்னா செபத்தை விட்டுடுவா."

"விடட்டும். சொல்லு."

 சஜிதா கிலுக்கை எடுத்து நிரஞ்சனியின் கையில் வைத்தாள்.

"அந்தப் பக்கத்திலையிருந்து நீங்கள் ஆட்டுங்கோ," என்றாள். "நான் முகத்தைப் பாக்கிறன்."